90 ஆம்ப் ஆல்டர்னேட்டர் மாட்டினா பேட்டரி வெந்துடுமா? போடி வாசகருக்கு ஒரு எலக்ட்ரிஷியனோட பதில்

போடிநாயக்கனூர்லருந்து ஒரு தம்பி நாலு பக்கத்துக்கு எழுதிருக்காரு. ஏலக்கா வியாபாரம், 1999 மாடல் டாடா சுமோ டீசல், அப்பா வாங்கினது, விக்க மனசு வரல. வாரத்துல மூணு நாள் போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தாம்பாறை பக்கம் போயிட்டு ராத்திரிதான் இறங்குறாரு. பனிக்காக ரெண்டு ஃபாக் லைட், ஹெட்லைட்ல 100/90 வாட் பல்பு, முன்னயும் பின்னயும் ஏசி ப்ளோயர், பாட்டுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், எல்லாம் ஒண்ணு ஒண்ணா சேர்ந்துருக்கு. இப்ப என்ன ஆகுதுன்னா மலையில மெதுவா ஊர்ந்து வரும்போது லைட்டு மங்குது, காலையில செல்ஃப் எடுக்க மாட்டேங்குது, ரெண்டு வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. பழைய ஆல்டர்னேட்டர்ல, அதான் இன்ஜின் சுத்தும்போது கரண்ட் தயாரிக்கிற, ஊர்ல டைனமோன்னு சொல்ற சாமான்ல, 45 ஆம்ப்னு எழுதிருக்கு. ஊர் மெக்கானிக் ஒருத்தர் "காயலாங்கடையில பெட்ரோல் கார் டைனமோ 90 ஆம்ப்ல கிடைக்குது, அதை மாட்டிடலாம், பழைய வயரே போதும், பின்னால இருக்குற குட்டி பம்ப் பைப்பை அடைச்சுக்கலாம்"னு சொல்லிருக்காரு. இன்னொருத்தர் "90 ஆம்ப் போட்டா கரண்ட் அதிகமா வந்து பேட்டரி வெந்துடும், லைட்டெல்லாம் பீஸ் போயிடும்"னு பயமுறுத்திருக்காரு. யார் சொல்றது சரி, எவ்வளவு தடிமன் வயர், ஃபியூஸ் வேணுமா, எஃப்சில பிடிப்பாங்களா, இன்சூரன்ஸ் போயிடுமா, இதான் கேள்வி.

தம்பி, மத்த எல்லாத்தையும் அப்புறம் பேசலாம், முதல்ல அந்த குட்டி பம்ப் விஷயம். தயவு செஞ்சு அதை அடைக்க விடாதீங்க. ஆல்டர்னேட்டர் பின்னால ஒரு ஆயில் பைப்பும் ஒரு தடி ரப்பர் ஹோஸும் வருதுன்னு எழுதிருக்கீங்களே, அது காத்தை உறிஞ்சி எடுக்குற வாக்யூம் பம்ப், பெடலை மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் குடுக்குற உங்க பிரேக் பூஸ்டருக்கு உயிரே அதுதான். பெட்ரோல் கார்ல இன்ஜினுக்குள்ள போற காத்தைக் கட்டுப்படுத்துற த்ராட்டில் இருக்கறதால, காத்து போற குழாயிலயே (இன்டேக் மேனிஃபோல்ட்) வாக்யூம் கிடைச்சிடும், அங்கருந்து ஒரு ஹோஸ் பூஸ்டருக்கு போயிடும், அதனால அந்த டைனமோவுக்குப் பின்னால பம்ப் இருக்காது. உங்க டீசல் இன்ஜின்ல த்ராட்டில் கிடையாது, வாக்யூம் தானா வராது, அதனாலதான் ஆல்டர்னேட்டர் ஷாஃப்ட்லயே ஒரு பம்பை மாட்டி, இன்ஜின் ஆயிலை அதுக்குள்ள விட்டு சுத்த வெச்சிருக்காங்க. அதை அடைச்சா பூஸ்டருக்குள்ள மிச்சம் இருக்குற வாக்யூம்ல ஒண்ணு ரெண்டு தடவை பிரேக் பிடிக்கும், அதுக்கப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், ரெண்டு காலையும் வெச்சு ஏறி மிதிச்சாத்தான் வண்டி நிக்கும். போடிமெட்டுல 17 ஊசி வளைவு, மூட்டை ஏத்தின வண்டி, ராத்திரி, பனி. இதை நினைச்சுத்தான் உங்க கடிதத்துக்கு உடனே பதில் எழுத உக்காந்தேன்.

இதோட சேர்ந்த இன்னொரு விஷயம், இது பல டிரைவர்களுக்கே தெரியல. உங்க வண்டியில ஃபேன் பெல்ட் அறுந்தா சார்ஜ் மட்டும் போறதில்ல, பம்பும் சுத்தாது, பிரேக் வாக்யூமும் போயிடும். அதனால மலை இறக்கத்துல பேட்டரி சிவப்பு லைட் எரிஞ்சுதுன்னா "சரி வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்"னு இறங்காதீங்க, கியரைக் குறைச்சு, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்தி, இருக்குற வாக்யூம்லயே வண்டிய ஓரங்கட்டிடுங்க.

இப்ப பயமுறுத்தினவர் சொன்னதுக்கு வரேன். அவர் நல்ல மனசோடதான் சொல்லிருப்பாரு, ஆனா அது தப்பு. 90 ஆம்ப்னா அது எப்பவும் 90 ஆம்பைப் பிடிச்சுத் தள்ளிகிட்டே இருக்கும்னு அர்த்தம் இல்ல. மாடியில தொட்டி எவ்வளவு பெருசா இருந்தாலும் குழாயை எவ்வளவு திறக்குறோமோ அவ்வளவு தண்ணிதானே வரும், அதே மாதிரிதான், லைட்டும் ப்ளோயரும் எவ்வளவு கேக்குதோ அவ்வளவு ஆம்ப்தான் ஓடும். பேட்டரியை வேக வைக்கிறது ஆம்ப் ரேட்டிங் இல்ல, வோல்டேஜ். வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் சரியா இருந்தா இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினல்ல 13.8லருந்து 14.4 வோல்ட்டுக்குள்ள நிக்கும், 45 ஆம்ப் ஆல்டர்னேட்டரா இருந்தாலும் சரி 90 ஆம்பா இருந்தாலும் சரி. 14.8ஐத் தாண்டினா ரெகுலேட்டர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், அப்பதான் பேட்டரி கொதிக்கும், பல்பு போகும்.

ஆனா ஆபத்தே இல்லைன்னு நான் சொல்லல, ஆபத்து வேற இடத்துல இருக்கு. வயர்ல. மெக்கானிக் "பழைய வயரே போதும்"னாரே, அந்த ஒரு வார்த்தைதான் வண்டியைக் கொளுத்தும். கணக்கு போட்டே காட்டுறேன். 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ரெண்டு மீட்டர் இருக்குன்னு வைங்க, அதுல 80 ஆம்ப் ஓடினா 0.7 வோல்ட் வழியிலயே போயிடும், அந்த 0.7 வோல்ட் சும்மா போகாது, 56 வாட் சூடா வயர் மேல இறங்கும். ஒரு ஹெட்லைட் பல்போட சூடு மொத்தமும் பிளாஸ்டிக் உறைக்குள்ள, டேப் சுத்தின கட்டுக்குள்ள, இன்ஜின் பக்கத்துல. அதே தூரத்துக்கு 25 ஸ்கொயர் வயர் போட்டா 0.11 வோல்ட்தான் குறையும், சூடும் 9 வாட்தான். என்கிட்ட ஒரு தடவை வந்த வண்டியில டைனமோ மட்டும் பெருசா மாத்தி வயரை மாத்தாம விட்டிருந்தாங்க, உறை உருகி பக்கத்து வயர்களோட ஒட்டி ஒரே கட்டியா ஆயிருந்துச்சு, ஓட்டிகிட்டு வந்தவர் பிளாஸ்டிக் வாசனை வருதுன்னு மட்டும்தான் சொன்னாரு, பேனட்டைத் திறந்ததும் எனக்குக் கை நடுங்கிடுச்சு.

உண்மையிலேயே 90 வேணுமா?

கூட்டிப் பாப்போம், 14 வோல்ட்டுக்கு. 100 வாட் ஹை பீம் ரெண்டு, 14 ஆம்ப். ஃபாக் லைட் 55 வாட் ரெண்டு, 8. ரெண்டு ப்ளோயரும் ஃபுல்லுல சுமார் 20, கண்டென்சர் ஃபேன் 10, கம்ப்ரஸர் கிளட்ச் 4, ஆம்ப்ளிஃபயரும் செட்டும் 10, வைப்பர் 4, டெய்ல் லைட் டேஷ் லைட் எல்லாம் சேர்த்து 4. மொத்தம் 74. உங்ககிட்ட இருக்குறது 45, அதுவும் நல்லா சுத்தும்போது. எல்லாத்தையும் ஒண்ணா போட்டு ஓட்டினா மீதி 29 ஆம்பை பேட்டரிதான் குடுக்கணும், 75 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரின்னா ஒண்ணே கால் மணி நேரத்துல பாதி காலி. ரெண்டு வருஷத்துல ரெண்டு பேட்டரி ஏன் போச்சுன்னு இப்ப புரியுதா, பேட்டரிக்காரங்க மேல தப்பு இல்ல. இன்னும் பெரிய பேட்டரி போடலாமான்னும் கேட்டிருக்கீங்க, போட்டா கொஞ்ச நேரம் கூடுதலா தாங்கும், அவ்வளவுதான், கிணத்துல ஊத்து இல்லாம தொட்டியை மட்டும் பெருசா கட்டின கதை.

இன்னொண்ணு, மேல எழுதியிருக்குற ஆம்ப் ஐடிலிங்ல வராது. அந்த நம்பர் ஆல்டர்னேட்டர் 6000 ஆர்பிஎம் சுத்தும்போது, ஆறிப்போயிருக்கும்போது எடுத்த நம்பர். சூடாயிட்டா குறையும், இன்ஜின் மெதுவா ஓடினா பாதிகூட வராது. நீங்க மலையில லாரிக்குப் பின்னால ஊர்ந்துகிட்டு வரும்போது லைட்டு மங்குறது அதனாலதான். வாங்கும்போது "இது ஐடிலிங்ல எவ்வளவு குடுக்கும்"னு கேளுங்க, மேல போட்டிருக்குற நம்பரை மட்டும் பாத்து வாங்காதீங்க. பெட்ரோல் கார் ஆல்டர்னேட்டர் உங்களுக்கு வேணாம்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், அந்த புல்லி 6000 வரைக்கும் சுத்துற இன்ஜினுக்கு கணக்குப் பண்ணது, உங்க டீசல் அந்த வேகத்துக்கு வரவே வராது.

அதனால என் யோசனை, 75லருந்து 90 ஆம்புக்குள்ள, டீசலுக்குன்னே வர்ற, வாக்யூம் பம்ப்போட சேர்ந்த ஆல்டர்னேட்டர் பாருங்க. 120 எல்லாம் வேணாம். 90 ஆம்ப் முழுசா எடுக்கும்போது அது 1260 வாட், ஆல்டர்னேட்டர்ல வீணாகுறதையும் சேர்த்தா பெல்ட் மேல கிட்டத்தட்ட 3 குதிரைத்திறன் விழும், ஒத்தை வி பெல்ட்டுக்கு அதுவே பெரிய வேலை. காயலாங்கடையிலயே வாங்குறதா இருந்தா பழசை கழட்டி கையோட எடுத்துகிட்டு போங்க. ஆயில் உள்ள வர்ற பைப்போட த்ரெட், ஆயில் திரும்பி இன்ஜின் அடியில இருக்குற சம்ப்புக்குப் போற ஹோஸோட சைஸ், வாக்யூம் வாய், சுத்துற திசை, புல்லியோட விட்டம், மவுண்டிங் காது, எல்லாம் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். பின்னால ஆயில் கசிஞ்ச அடையாளம் இருந்தா விட்டுடுங்க, சீல் போன பம்ப் ஆயிலை ஆல்டர்னேட்டருக்குள்ள விட்டு பிரஷ்ஷைக் கெடுத்துடும். எனக்கு கேட்டா, கொஞ்சம் காசு கூட ஆனாலும் கம்பெனி சர்வீஸ் டீலர்கிட்ட புதுசா வாங்குறதுதான் நல்லது, பிரேக் சம்பந்தப்பட்ட சாமான்ல மிச்சம் பிடிக்க வேணாம்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் டெஸ்ட்டுக்கு ஒதுக்குங்க. சில சமயம் ஆல்டர்னேட்டர் நல்லாவே இருக்கும், எர்த் வயர் துருப்பிடிச்சு உக்காந்திருக்கும். ராத்திரி எல்லாம் ஆஃப் பண்ணி, நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி, நடுவுல மீட்டரைப் போட்டு எவ்வளவு கரண்ட் லீக் ஆகுதுன்னு பாருங்க, 50 மில்லி ஆம்புக்கு மேல இருந்தா எங்கயோ திருட்டு நடக்குது. ஆம்ப்ளிஃபயரை ஆன் பண்ற ரிமோட் வயரை நேரா பேட்டரியில குடுத்திருந்தா ராத்திரி பூரா அது முழிச்சுகிட்டே இருக்கும், காலையில செல்ஃப் எடுக்காததுக்கு பாதி காரணம் அதுவாவே இருக்கலாம்.

வயரிங், இதுல சமரசம் வேணாம்

வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க, ஆல்டர்னேட்டர் பின்னால கரண்ட் வெளிய வர்ற பி பிளஸ் போல்ட்டுல எப்பவும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில தட்டினா வெல்டிங்தான். அந்த பி பிளஸ்லருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு நேரா 25 ஸ்கொயர் எம்எம் சுத்தமான செம்பு கேபிள் ஒண்ணு புதுசா இழுங்க. ஆடியோ கிட்டுல மலிவா வர்ற கேபிள் நிறைய, மேல செம்பு பூசின அலுமினியம், சீவிப் பாத்தா உள்ள வெள்ளையாத் தெரியும், அது வேணாம். கேபிள் முனையில மாட்டுற லக்கை சுத்தியலால அடிச்சு நசுக்காம ஹைட்ராலிக் க்ரிம்பிங் மிஷின்ல அழுத்தி ஹீட் ஷ்ரிங்க் போடுங்க, வெறும் ஈயம் வெச்சு ஒட்டினா மட்டும் பத்தாது, சூட்டுல இளகும், அதிர்வுல உடையும். சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் போகக்கூடாது, தகடு விளிம்பைத் தாண்டுற இடத்துல ரப்பர் க்ரோமெட், ஒரு ஜாண் இடைவெளிக்கு ஒரு கிளாம்ப்.

ஃபியூஸ் வேணுமான்னு கேட்டீங்க. கண்டிப்பா வேணும், ஆனா எங்க போடணும்னுதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. பேட்டரி பக்கத்துல, ஒரு ஜாணுக்குள்ள. ஆல்டர்னேட்டர் 90 ஆம்புக்கு மேல குடுக்காது, ஆனா அந்த கேபிள் உரசி பாடியில பட்டுச்சுன்னா பேட்டரி பல நூறு ஆம்பை ஒரே நொடியில கொட்டும், நாம பயப்பட வேண்டியது அதுக்குத்தான். 125 ஆம்ப் போல்ட் டைப் ஃபியூஸ் போடுங்க, ஆல்டர்னேட்டரோட அளவுக்கு மேல, கேபிள் தாங்குற அளவுக்குக் கீழ, அதான் கணக்கு. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னா செம்புக் கம்பி சுத்தி விடாதீங்க, அது ஏன் போகுதுன்னு தேடுங்க.

எர்த்தை எல்லாரும் மறந்துடுறாங்க. போற கரண்ட் அத்தனையும் திரும்பி வரணும், இன்ஜின் நிக்கறதோ ரப்பர் மவுண்டிங் மேல. இன்ஜின்லருந்து சேசிஸுக்கும், பேட்டரி நெகட்டிவ்லருந்து இன்ஜினுக்கும் அதே 25 ஸ்கொயர்ல புது கேபிள், போல்ட் உக்கார்ற இடத்துல பெயின்ட்டை சுரண்டி பளபளன்னு ஆக்கிட்டு முறுக்குங்க. எர்த் சரியில்லைன்னா கரண்ட் வேற வழி தேடிகிட்டு ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாக்கூட ஓடும், கேபிள் சூடாகி உள்ளயே பிடிச்சுக்கும்.

டேஷ்ல பேட்டரி லைட்டுக்குப் போற சின்ன வயர், டி பிளஸ்னு சொல்வாங்க, அதை விட்டுடாதீங்க. அந்த பல்பு வழியாத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போய் எழுப்பும், பல்பு ஃபியூஸ் ஆயிருந்தாலோ எல்இடி மாத்தியிருந்தாலோ ஸ்டார்ட் பண்ணி ஒரு தடவை நல்லா ரேஸ் பண்ற வரைக்கும் சார்ஜே ஏறாம இருக்கும். மலையில போறவருக்கு அந்த சிவப்பு லைட்டு எவ்வளவு முக்கியம்னு முன்னாடியே சொல்லிட்டேன்.

ஹெட்லைட்டைப் பத்தி தனியா ஒரு வார்த்தை. 100/90 பல்பைக் கழட்டிடுங்க, அது ரோட்டுக்கு அனுமதி இல்லாதது, 60/55தான் சட்டப்படி, எதிர்ல வர்றவர் கண்ணையும் பாக்கணும். வெளிச்சம் பத்தாதேன்னு நீங்க சொல்றது பல்பால இல்ல. பழைய வண்டியில ஹெட்லைட் கரண்ட் மொத்தமும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியா சுத்தி வரும்போது பல்புக்குப் போய் சேர்றது 12 வோல்ட்தான் இருக்கும், 13.5 வோல்ட்ல வர வேண்டிய வெளிச்சத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அங்கயே போயிடுது. ரெண்டு ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டைத் திறந்து மூடுற ஸ்விட்ச்) போட்டு, பேட்டரிலருந்து நேரா ஃபியூஸோட 4 ஸ்கொயர் வயர் குடுத்து, ஸ்விட்ச்சை ரிலேயை எழுப்ப மட்டும் வெச்சுக்குங்க. லைட்டு பளிச்சுன்னு வரும், ஸ்விட்ச்சும் உருகாது, ஆறு ஆம்ப் மிச்சம். ஃபாக் லைட்டுக்கும் இதே ரிலே முறைதான்.

எஃப்சி, இன்சூரன்ஸ்

மோட்டார் வாகன சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்லுதுன்னா, ஆர்சியில இருக்குற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு. இன்ஜின், சேசிஸ், சீட்டு, எரிபொருள், இதெல்லாம் ஆர்சியில வரும், ஆல்டர்னேட்டர் வராது. அதனால இதை மாத்தினதுக்காக எஃப்சியில பிரச்சினை வராது, அந்த 100/90 பல்புக்கும் தாறுமாறா தொங்குற வயருக்கும்தான் வரும். உங்க வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரினீவல், அடுத்தது 2029ன்னு எழுதிருக்கீங்க, அதுக்குள்ள எல்லாம் சுத்தமா இருக்கட்டும்.

இன்சூரன்ஸ்ல, எலக்ட்ரிக்கல் பிரேக்டவுனுக்கு காசு தரமாட்டாங்க, அதாவது ஆல்டர்னேட்டரே கெட்டுப்போனா உங்க செலவு. வண்டி தீப்பிடிச்சா காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில கவர் இருக்கு, ஆனா சர்வேயர் வந்து பாக்கும்போது ஃபியூஸ் இல்லாம நேரா இழுத்த வயர் கண்ணுல பட்டா கேள்வி மேல கேள்வி வரும். அதனால வேலையை பில்லோட பண்ணுங்க, கேபிள் சைஸ், ஃபியூஸ் ரேட்டிங் பில்லுல எழுதச் சொல்லுங்க, போட்டோ எடுத்து வெச்சு கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பிடுங்க. ஆம்ப்ளிஃபயர், ஃபாக் லைட் மாதிரி வெளியில வாங்கி மாட்டினதுக்கு ஐஎம்டி 24ன்னு தனி கவர் இருக்கு, அந்த சாமான் மதிப்புல 4 சதவீதம் கூடுதல் பிரீமியம்னுதான் பழைய மோட்டார் டேரிஃப்ல போட்டிருந்துச்சு, வேணும்னா கேட்டுப் போட்டுக்குங்க. நீங்க தேர்ட் பார்ட்டி மட்டும் வெச்சிருந்தா இந்த எதுவும் பொருந்தாது, வண்டி எரிஞ்சா உங்களுக்கு ஒத்த ரூபா வராது.

மாட்டின அன்னைக்கு

பேட்டரி ஏற்கனவே செத்துக் கிடந்தா அதை வெளியில சார்ஜர்ல போட்டு 12.6 வோல்ட்டுக்குக் கொண்டு வந்துட்டு மாட்டுங்க, காலி பேட்டரியை நிரப்புறது ஆல்டர்னேட்டர் வேலை இல்ல, புதுசை முதல் நாளே காய வெச்சுடும். பம்புக்குள்ள ரெண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுட்டு மாட்டச் சொல்லுங்க. ஸ்டார்ட் பண்ணி லைட், ப்ளோயர் எல்லாம் போட்டு, 2000 ஆர்பிஎம் வெச்சு, மீட்டரோட ஒரு முனையை பி பிளஸ்லயும் இன்னொரு முனையை பேட்டரி பாசிட்டிவ்லயும் வைங்க, 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுலயும் அதே மாதிரி, 0.1 இருந்தா சந்தோஷம். கூடுதலா இருந்தா எங்கயோ லக் சரியா பிடிக்கல. சார்ஜ் ஆகுதான்னு பாக்க இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பாக்குற பழக்கம் நம்ம ஊர்ல இன்னும் இருக்கு, பழைய டைனமோ காலத்துப் பழக்கம். யாராவது செய்ய வந்தா கையைப் பிடிச்சு நிறுத்துங்க, பேட்டரி இல்லாத அந்த ஒரு நொடியில வோல்டேஜ் 40க்கு மேல எகிறி டயோடு, ரெகுலேட்டர், ஆம்ப்ளிஃபயர் எல்லாத்தையும் காலி பண்ணிடும்.

கடைசியா பிரேக். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பெடலை அஞ்சாறு தடவை மிதிச்சு வாக்யூமைத் தீத்துடுங்க, பெடல் கெட்டியாகும். கெட்டியா இருக்கும்போதே காலை அழுத்தி வெச்சுகிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் கால் அடியில கொஞ்சம் இறங்கணும். இறங்கினா பம்ப் வேலை செய்யுது. இறங்கலைன்னா வண்டியை போடி ஊருக்குள்ளகூட ஓட்டாதீங்க, அன்னைக்கு மெட்டுக்குப் போற வேலையை ஜீப்புக்குக் குடுத்துட்டு பம்பைத் திரும்பக் கழட்டச் சொல்லுங்க. 500 கிலோமீட்டர் ஓடினதும் பெல்ட்டை ஒரு தடவை இழுத்துக் கட்டிட்டு, எல்லா லக் போல்ட்டையும் முறுக்கிப் பாத்துட்டு, மீட்டர்ல வந்த நம்பரை எனக்கு எழுதுங்க தம்பி, பாத்து சொல்றேன்.